கட்டிற் சட்டத்தின் முனையில் துளை

இப்பகுதிக்கு வரும் மடல்களுள் பெரும்பாலானவை கதவு தரையில் உராய்வதைப் பற்றியும், தாழ்ப்பாள் பொருந்தாமையைப் பற்றியுமே இருப்பது வழக்கம். இத்திங்கள் திருப்பதியிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியுள்ள மடல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். கணவருக்கு உத்தியோக மாற்றல் வந்தமையால் இங்கு வந்து குடியேறியவர். தாய் வீட்டுச் சீராக அவருக்குக் கிடைத்தது ஒரு தேக்குக் கட்டில். பாட்டனார் காலத்தில் ஆசாரியை வீட்டிலேயே அமர்த்திச் செய்வித்ததாம். ஆறேகால் அடி நீளம், நாலடி அகலம், தலைமாட்டில் கடைசல் வேலை. அக்கட்டில் லாரியில் ஏறி மலைகளையும் ஆறுகளையும் கடந்து வாசல் வரை வந்துவிட்டது. மாடிப்படி திரும்பும் மூலையில் நின்றுவிட்டது! குடியிருப்போ இரண்டாம் மாடியில்.

மூன்று மாதங்களாகக் கட்டில் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. பழைய சாமான் வாங்குவோர் ஒருவர் பார்த்துவிட்டு, விறகு விலைக்குச் சற்றே மேலான ஒரு தொகையைக் கூறிச் சென்றிருக்கிறார். வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யுமாறு நெருக்குகிறார். தச்சர் ஒருவரைக் கேட்டதற்கு, நீளச் சட்டங்கள் இரண்டையும் நட்ட நடுவில் அறுத்து, மேலே கொண்டுபோய் இரும்புப் பட்டை வைத்து இணைத்துவிடலாம் என்றாராம். அறுப்பதா, விற்பதா என்பது சகோதரியின் வினா. கணவர் விற்றுவிடலாம் என்கிறார். அவருக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா படுத்திருந்த கட்டில் என்று ஒரு வரி மட்டும் எழுதி, அதற்குமேல் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

அறுக்கவும் வேண்டா, விற்கவும் வேண்டா என்பதே என் விடை. இதே இக்கட்டில் நம் சங்கத்துக் குடும்பங்கள் பல அகப்பட்டிருக்கும் என்று எண்ணுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். மாற்றலுக்கு ஆட்பட்டு ஊர் ஊராகச் செல்லும் நமக்குக் கட்டில் என்பது கழற்றி மாட்டக்கூடியதாய் இருத்தல் வேண்டும். அதற்குத் தேவையானவை நான்கு துளைகள். அந்நான்கும் கோணாமல் அமைய வேண்டும் என்பதே இதிலுள்ள வேலை முழுவதும்.

முதலில், நடுவில் அறுப்பது ஏன் தவறு என்பதைக் கூறிவிடுகிறேன். இரு முனையிலும் தாங்கப்பெற்ற ஒரு சட்டத்தின் மீது ஆள் படுத்தால், அச்சட்டம் மிகுதியாக வளைய முற்படும் இடம் நடுப்பகுதியே. எவ்விடத்தில் மரத்தின் நார் அறுபடாமல் ஓட வேண்டுமோ அவ்விடத்திலேயே வாளை வைப்பது, பாலத்தின் நடுவில் கீல் வைப்பதற்கு ஒப்பாகும். இரும்புப் பட்டை சில திங்கள் தாங்கும். பிறகு திருகாணிகள் ஆடத் தொடங்கும். நள்ளிரவில் பட்டை பிடுங்கிக்கொண்டால் கீழே விழுவது குழந்தையாகவும் இருக்கலாம், முதியவராகவும் இருக்கலாம். இணைப்பு இருக்க வேண்டிய இடம் சட்டத்தின் முனை. பழைய ஆசாரியும் அங்குதான் வைத்திருக்கிறார்.

பழைய தேக்குக் கட்டில்களில் நீளச் சட்டத்தின் முனை நாக்குப் போல் மெலிந்து, காலில் வெட்டிய குழிக்குள் நுழைந்திருக்கும். காலின் பக்கவாட்டிலிருந்து ஒரு மூங்கில் முளையோ மர முளையோ அந்நாக்கை ஊடுருவி நிற்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கூர்ந்து நோக்கினால் முளையின் வட்டத் தலை தெரியும். அதை மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியேற்றிவிட்டால், சட்டம் தானே கழன்று வரும். முளை மறுபக்கம் வரை ஓடாமல் இருந்தால், அதே பருமனுள்ள துரப்பணத்தால் குடைந்து எடுத்துவிடலாம். தட்டும்போது சுத்தியலை மரத்தின் மீது நேரே போடாமல், இடையில் ஒரு கட்டைத் துண்டை வைத்துக்கொள்க. அவசரம் ஆகாது.

தலைமாட்டுக் கால்கள் இரண்டும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டமும், கடைசற் பலகையும் ஒன்றாகவே இருக்கட்டும். அவற்றைப் பிரிக்க வேண்டியதில்லை. கால்மாடும் அவ்வாறே. கழற்ற வேண்டியவை இரு நீளச் சட்டங்கள் மட்டுமே. நாலடி அகலமுள்ள தலைமாடு நிமிர்த்திப் பிடித்தால் எந்த மாடிப்படியிலும் ஏறும். ஆகவே எட்டு முனைகளில் துளையிட வேண்டிய வேலை நான்காகக் குறைந்துவிடுகிறது. எட்டுக் கேட்கும் தச்சரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி, அந்நான்கு முனைகளில் என்ன செய்ய வேண்டும்? முளை இருந்த வேலையை இனி ஒரு போல்ட்டு செய்யும். காலின் வெளிப்புறத்தில் அதன் தலை இருக்கும். அங்கிருந்து காலைக் கடந்து, நாக்கின் நடுவே நுழைந்து, சட்டத்தின் நீளவாக்கிலேயே இரண்டரை அங்குலம் உள்ளே சென்று, ஒரு நட்டில் பிடிக்கும். நட்டு அமர்வதற்குச் சட்டத்தின் உட்புற முகத்தில் சிறு மாடம் ஒன்று வெட்டப்படும். கட்டிலைச் சுற்றி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நான்கு போல்ட்டுத் தலைகள் மட்டுமே தெரியும். அவற்றுக்கும் பித்தளைச் சில்லு ஒன்றை மூடியாகப் பொருத்திக்கொள்ளலாம்.

"போல்ட்டு எதற்கு? சட்டத்தின் முனையில் நீண்ட திருகாணியை முறுக்கிவிட்டால் ஆகாதா?" என்று கேட்பார் உண்டு. ஆகாது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்க் கற்றை. பக்கவாட்டில் நுழையும் திருகாணி நார்களைக் குறுக்கே கவ்விக்கொள்கிறது. முனையில் நுழையும் திருகாணியோ நார்களுக்கு இணையாகச் சென்று, அவற்றை விலக்கிக்கொண்டு வெறுமனே நிற்கிறது. இழுத்தால் தூளோடு வந்துவிடும். மாடத்தில் அமர்ந்த நட்டு அவ்வாறன்று. அதைப் பிடுங்க வேண்டுமானால், அதற்கும் முனைக்கும் இடையிலுள்ள இரண்டரை அங்குல மரத்தையே பெயர்த்தெடுக்க வேண்டும். மேலும், படுத்திருப்பவரின் பளுவைத் தாங்குவது நாக்கே. போல்ட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. இவ்விரு தொழில்களையும் குழப்பிக்கொள்பவர்கள்தாம் நாக்கை வெட்டி எறிந்துவிட்டு இரும்பையே நம்புகிறார்கள்.

சட்டத்தின் முனையில் துளையிடுவது பலகையின் முகத்தில் துளையிடுவதைப் போல் எளிதன்று என்பதை இங்கே கூற வேண்டும். முனையில் மரத்தின் ஆண்டு வளையங்கள் வெட்டுண்டு நிற்கின்றன. ஒரு வளையத்துள் ஒரு பகுதி மிருது, ஒரு பகுதி கடினம். துரப்பணத்தின் கூர் மிருதுவான பக்கம் சாயவே விரும்பும். நுனியில் திருகு கொண்ட பழைய தமர் பலகை முகத்தில் தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். முனையிலோ அதன் திருகு பற்றுவதற்கு நார் கிடைக்காமல் தூளைத்தான் கிளறும். கைப்பலத்தால் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்துகிற கை சாய்வதும் இயல்பு. சாய்ந்தால் என்ன ஆகும்? ஒரு பாகை சாய்ந்தால் ஆறு அங்குல ஆழத்தில் துளை ஏறத்தாழ ஒரு நூல் விலகிவிடும். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு என்பதை இளைஞர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். ஒரு நூல் தானே என்று எண்ணற்க. அவ்விலகலைச் சரிக்கட்டப் போல்ட்டை வலிந்து முறுக்கினால், கால் ஒரு பாகை திரும்பும். அவ்வொரு பாகை ஆறடி தள்ளியுள்ள மறு முனையில் ஒன்றேகால் அங்குலமாகத் தெரியும். நான்கு கால்களும் தரையில் படியாத கட்டிலின் வரலாறு பெரும்பாலும் இதுவே.

இயந்திரத்தின் கீழ் வைத்துவிட்டால் துளை நேராக விழுமே என்பது உண்மைதான். பட்டறைகளில் உள்ள நிலைத் துரப்பண இயந்திரம் ஒன்றரை அடி உயரமுள்ள பொருளை ஏற்கும்; ஆறடிச் சட்டத்தை நிமிர்த்தி அதன் கீழ் நிறுத்த எந்தப் பட்டறையிலும் இடமிராது. நீண்ட மரத்தை இயந்திரத்திடம் கொண்டுபோக இயலாவிடில், இயந்திரத்தின் நேர்மையை மரத்திடம் கொண்டுவர வேண்டும். இதற்கு நான் அறிந்த நல்ல சான்று நம் இருப்புப் பாதையே.

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர் பாதையாக அமைக்கப்பட்டது. இன்று அஃது அகலப் பாதை. கான்கிரீட்டுச் சிலீப்பர்கள் வருவதற்கு முன், மரக்கட்டைகளே தண்டவாளத்தைத் தாங்கின. அகலப் பாதைக்குரிய மரச் சிலீப்பர் 275 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் 13 செ.மீ. கனமும் கொண்டது, மீட்டர் பாதைக்குரியது 180 செ.மீ. நீளமே. அக்கட்டையின் இரு முனைகளை அடுத்து ஆணித் துளைகள் இட வேண்டும். ஒரு முனைத் துளை இம்மி நகர்ந்தால் தண்டவாளங்களின் இடைவெளியே மாறிவிடும். அகலப் பாதைக்கு 1676 மி.மீ., மீட்டர் பாதைக்கு 1000 மி.மீ. என்ற அளவு ஒவ்வொரு கட்டையிலும் நிலைத்திருக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே அளந்துகொண்டிருக்கவில்லை. துளைகளின் இடம் குறித்த அச்சுத் தகடு ஒன்றைக் கட்டையின் மீது வைத்து அதன் வழியே துளையிட்டனர். ஒருமுறை அச்சைச் சரியாகச் செய்துவிட்டால், பின்னர் ஆயிரம் கட்டைக்கும் அது பேசும். முனை பிளந்துவிடாதிருக்க எஸ் வடிவ இரும்புத் தகட்டை முனையில் அறைந்து வைக்கும் வழக்கமும் இருந்தது. பழைய கட்டைகளைக் கண்டவர்கள் இன்றும் அவ்விரும்பை நினைவு கூர்வர். மரத்தின் முனை எத்துணை எளிதில் பிளக்கும் என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

நம் கட்டிலுக்கு அச்சு எது? கட்டிலின் காலே அச்சு. தலைமாடு பளுவாயினும் கை இயந்திரத்துக்கு அடங்கும். காலின் மீது மூலைமட்டத்தை வைத்துச் சரிபார்க்க நான்கு முகங்களும் உள்ளன. ஆகவே முதலில் காலில் துளையிட்டு, பின் சட்டத்தைக் காலோடு பொருத்தி, கால் துளையின் வழியாகவே சட்டத்தைத் துளைக்க வேண்டும். அப்படிச் செய்தால் காலும் சட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமற் போக வழியே இல்லை.

வேலையைத் தொடங்குமுன் நான்கு இணைப்புகளுக்கும் உளியால் அடையாளம் இட்டுக்கொள்க: முதல் இணைப்பில் காலிலும் சட்டத்திலும் ஒவ்வொரு வெட்டு, இரண்டாவதில் இவ்விரண்டு, இப்படியே. சாக்கட்டிக் குறி லாரியில் அழிந்துவிடும். உளிக்குறி பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும். பிறகு நடுக்கோடு. சட்டத்தின் உயரம் 5 அங்குலம், கனம் ஒன்றரை அங்குலம் என்று கொள்வோம். கனத்தின் நடுவை இரு பக்கமும் அளந்து பங்கிடுதல் ஆகாது. சட்டத்தின் உட்புற முகம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, கோடு கீறும் கட்டையை முக்கால் அங்குலத்தில் நிறுத்தி, எல்லா அளவையும் அம்முகத்திலிருந்தே எடுக்க வேண்டும். பழைய கையிழைப்பு மரத்தின் கனம் எங்கும் ஒரே சீராக இராது. இரு பக்கத்திலிருந்தும் அளந்தால் அச்சீரின்மை கணக்கில் புகுந்துகொள்ளும். அதே அளவைக் காலின் வெளிமுகத்துக்கு மாற்றி, உயரத்தில் நாக்கின் நடுவைக் கண்டு, கூராணியால் ஒரு புள்ளி குத்துக. புள்ளி ஆழமாக இருக்கட்டும். துரப்பணம் முதலில் தங்குவதற்கு அதுவே வீடு.

மூன்று நூல் போல்ட்டு இக்கட்டிலுக்குப் போதும். துளை அதைவிட அரை நூல் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலச் சட்டத்தில் அப்படித் துளைத்தால் இரு பக்கமும் அரை அங்குல மரம் எஞ்சும். நாக்கின் நடுப்பகுதியைத் துளை தின்றுவிடுமே என்று அஞ்ச வேண்டா. துளைக்கு மேலும் கீழும் எஞ்சும் நாக்கின் பகுதிகளே பளுவையும் தாங்கி, சட்டம் திருகிக்கொள்ளாமலும் காக்கும். காலில் குறுக்குச் சட்டத்தின் நாக்கும் வந்து அமர்ந்திருக்குமாதலால், துளை அதையும் ஊடுருவக்கூடும். அதனாலும் கேடில்லை, போல்ட்டு அதற்கு ஒரு முளையாகிவிடும்.

காலைத் துளைப்பதற்கு வழிக்கட்டை ஒன்று செய்துகொள்வது நலம். மூன்று அங்குலக் கனமுள்ள வேங்கை அல்லது கருவேலத் துண்டு ஒன்றைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, நிலை இயந்திரத்தில் நேர்த்துளை ஒன்று போட்டு வாங்கி வாருங்கள். ஐந்து நிமிட வேலை. முதலில் இரண்டு நூல் துளையாகவே போடச் சொல்லுங்கள். அக்கட்டையைக் காலின் வெளிமுகத்தில், துளை புள்ளியின் மேல் வருமாறு வைத்து, கிளாம்பினால் இறுக்கி, அதன் வழியே இரண்டு நூல் துரப்பணத்தைச் செலுத்தினால், கை சாய முடியாது. நான்கு கால்களிலும் சிறு துளையை முடித்த பிறகு, வழிக்கட்டையின் துளையைப் பெரிதாக்கி வாங்கி, கால்களில் பெரிய துளையை இடுக.

இப்போது சட்டத்தின் முறை. நாக்கைக் குழிக்குள் நுழைத்து, சட்டத்தின் தோள் காலோடு நன்கு படியுமாறு கயிற்றைச் சுற்றி முறுக்கி இறுக்குங்கள். சட்டத்தைச் சம உயரமுள்ள இரு முக்காலிகளின் மீது கிடத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட துரப்பணம் வேண்டும். காலின் மூன்று அங்குலத்தையும் கடந்து சட்டத்துக்குள் மூன்று அங்குலம் செல்ல வேண்டுமாதலால் எட்டு அங்குலத்துக்குக் குறைந்தது உதவாது. வீட்டிலுள்ள மின் துரப்பணத்தைப் பயன்படுத்துவோர் சுவர் துளைப்பதற்கான சுத்தியல் விசையை நிறுத்திவிட வேண்டும். சுவருக்குரிய பிட்டையும் மரத்தில் வைத்தல் கூடாது. வேகம் குறைவாக இருக்கட்டும். அரை அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூளை உதறிவிடுக. முனைத் துளையில் தூள் அடைத்துக்கொண்டால் சூடேறி, தேக்கின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கருகும். அந்நிலையில்தான் துரப்பணம் வழி தவறுகிறது.

கால் வழிகாட்டுவதாயினும், கண்ணும் துணை நிற்க வேண்டும். துளைப்பவர் மேலிருந்து நோக்கும்போது இடம் வலம் சாய்வது தெரியும். மேல் கீழ் சாய்வது தெரியாது. அதற்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கோலப் புள்ளியைக் கோணாமல் வைத்துப் பழகிய கண் வீட்டில் இருக்க, வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை. தனியே வேலை செய்வோருக்குப் பழைய தொழிலாளர் கையாண்ட உபாயம் ஒன்று உண்டு. துரப்பணத்தின் வழவழப்பான தண்டில், தொளதொளவென்று ஒரு வாஷரை மாட்டிவிடுக. தண்டு சுழலும்போது வாஷர் இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தால் தண்டு மட்டமாக உள்ளது. மரத்தை நோக்கி நகர்ந்தால் நுனி தாழ்ந்திருக்கிறது. கையை நோக்கி வந்தால் நுனி உயர்ந்திருக்கிறது. சட்டம் ரசமட்டத்தில் இருந்தால் மட்டுமே இச்சோதனை செல்லும் என்பதை மறத்தலாகாது.

துளை முடிந்ததும் சட்டத்தைக் கழற்றி, துளைக்குள் நேரான இரும்புக் கம்பி ஒன்றை நுழைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சட்டத்தின் விளிம்போடு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். இணையாக இல்லையெனில் அத்துளையை இழுத்துப் பெரிதாக்கிச் சமாளிக்க வேண்டா. அதே மரத்தில் உருண்டை முளை செய்து, பசையிட்டு அடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, மீண்டும் துளையிடுவதே முறை. வழிக்கட்டையைக் கையாண்டவருக்கு இந்நிலை நேர்வது அரிது.

மாடம் வெட்டுவதற்குத் தோளிலிருந்து இரண்டரை அங்குலம் அளந்து, சட்டத்தின் உட்புற முகத்தில் ஓர் அங்குலச் சதுரம் வரைந்து, துளையைக் கடந்து சற்று ஆழம் வரை உளியால் இறக்குங்கள். தோள் பக்கத்துச் சுவர் செங்குத்தாகவும் சமமாகவும் இருத்தல் முக்கியம். நட்டு இழுக்கப்போவது அச்சுவரின் மீதுதான். நட்டுக்கும் மரத்துக்கும் இடையே சதுர இரும்பு வாஷர் ஒன்று அவசியம். இல்லையேல் நட்டு மரத்தைக் கடித்துக்கொண்டே போகும்.

நேர்த்துளை பற்றிப் பேசுகையில் நரசிங்கன்பேட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சை மாவட்டத்து அச்சிற்றூரில், பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தில் நாகசுரம் கடைகிறார்கள். 2022ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டு அடிக்கு மேல் நீண்ட மரத்தை முனையிலிருந்து நெடுகக் குடைய வேண்டும். கோணினால் நாதமே கெடும். நமக்கு வேண்டியதோ ஆறே அங்குலம். அவர்கள் பழைய மரத்தையே நாடுவதும் கவனிக்கத்தக்கது. பல ஆண்டுகள் உலர்ந்த மரம் இனி முறுக்கிக்கொள்ளாது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் கிடக்கும் அக்கட்டில் அவ்வகை மரமே என்பதை விறகு விலை கூறியவர் நன்கு அறிவார்.

இவ்வேலையைத் தாமே செய்ய இயலாதவர்கள் உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்விக்கலாம். அவரை இங்கு வட்ரங்கி என்பர். துளைக்குப் பெஜ்ஜம் என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார். சொல்ல வேண்டியவை மூன்றே: நடுவில் அறுக்க வேண்டா, நாக்கை வெட்ட வேண்டா, காலைத் துளைத்துவிட்டு அதன் வழியே சட்டத்தைத் துளைக்க வேண்டும். பொறுமையாய் எடுத்துரைத்தால் மறுக்கும் தொழிலாளி இல்லை. பட்டை வைத்து இணைக்கலாம் என்றவரும் விரைவில் முடியும் வழியைச் சொன்னாரேயன்றித் தீங்கு நினைத்தவரல்லர்.

ஏதேனும் ஒரு சட்டம் உளுத்திருந்து மாற்று மரம் வாங்க நேர்ந்தால், தேக்கு, வேங்கை, நன்கு உலர்ந்த வேம்பு ஆகியவற்றுள் ஒன்றை உரிய ரசீதோடு வாங்குங்கள். குறைந்த விலைக்குச் செம்மரம் தருகிறேன் என்று எவரேனும் காதோடு கூறினால், அப்பேச்சை அத்துடன் முடித்துவிடுங்கள். சேஷாசல மலைக்காட்டுச் செம்மரத்தை அனுமதியின்றி வெட்டுவதும் வைத்திருப்பதும் குற்றம். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அக்காட்டில் காவல் படையினர் சுட்டதில் மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட 20 பேர் இறந்தனர். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். அம்மரத்தின் மீது படுத்து உறங்க நமக்கு மனம் வருமா?

கட்டிலை மாடியில் பூட்டும்போது நான்கு போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி நிறுத்திக்கொள்க. தரையில் நான்கு கால்களும் படிந்தனவா என்று பார்த்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரு குறுக்களவும் ஒன்றாக உள்ளனவா என்று சோதித்த பின்னரே ஸ்பானரால் இறுக்க வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குக.

தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்த மரம் திருப்பதியின் சித்திரை வெயிலைக் கண்டதில்லை. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில் சுருங்கும். மூன்று அங்குலக் கால் சற்றே மெலியும்போது போல்ட்டு தளரும். ஆகவே முதல் ஆண்டில் வைகாசியில் ஒருமுறையும், மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும் ஒருமுறையும் கால் சுற்று, அரைச் சுற்று இறுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குரிய ஸ்பானரைச் சிறு துணிப்பையில் இட்டுத் தலைமாட்டுக் குறுக்குச் சட்டத்தின் உட்புறம் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த மாற்றல் உத்தரவு வரும் நாளில் வீட்டிலுள்ள சாமான்களுக்கிடையே அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

சகோதரி தம் மடலில் மாடிப்படி திருப்பத்தின் அளவையும் குறித்தனுப்பியிருக்கிறார்: மூன்றேகால் அடி. ஆறேகால் அடிச் சட்டத்தை நிமிர்த்திப் பிடித்தால் அதில் தாராளமாய்த் திரும்பும். நாலடித் தலைமாட்டைக் கிடையாக அன்றி நெட்டுக்குத்தாக, கால்கள் முன்னோக்கி இருக்குமாறு தூக்கிச் செல்க. கடைசல் வேலையின் மீது பழைய போர்வை ஒன்றைச் சுற்றிக்கொள்க.